வாயை மட்டும் அசை

ஓடைப்பாளையத்தில் நல்ல தண்ணீரோடு பாட்டும் சேர்ந்து வந்த அன்று, தெருக்குழாயடியில் நின்ற பெண்களில் ஒருத்திகூடக் குடத்தைக் கீழே போடவில்லை. வாரம் தாண்டி வருகிற ஆற்றுத் தண்ணீரை ஒரு பாட்டுக்காகச் சிந்திவிடக்கூடியவர்கள் அந்த ஊரில் கிடையாது. முதல் குடம் நிரம்பும்போது பாட்டின் முதல் வரி வந்தது, அடுத்த குடத்தில் அடுத்த வரி வந்தது, அதற்கடுத்த குடத்தை வைத்திருந்த செல்லாயக்கா தனக்கு வந்த வரி பாதியில் நிற்கிறது, இன்னொரு குடம் பிடித்தால்தான் முடியும் என்று நகராமல் நின்றாள், பின்னால் இருந்தவர்கள் தண்ணிக்கு ஒரு வரிசை பாட்டுக்கு ஒரு வரிசையா, நகருங்கக்கா என்றார்கள். சத்தம் என்ன என்று பார்க்க விசைத்தறிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள், ஆயுத பூஜையையும் மின்வெட்டையும் தவிர வேறு எதற்கும் நிற்காத தறிகள் ஒரு குழந்தைக் குரலுக்காக நின்றன, தெரு முழுவதும் அமைதியாகி, பிளாஸ்டிக் குடங்களின் கழுத்து வழியாகப் பாட்டு மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.

வரிசையின் கடைசியில் பச்சைக் குடத்தோடு நின்ற பாட்டு டீச்சர் வசுமதி மட்டும் தண்ணீர் பிடிக்காமலேயே திரும்பிப் போனாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வசுமதி நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவள். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, பாட்டில் கீழ்நிலைத் தேர்வு ஒன்றும் எழுதி வைத்திருந்ததால் ஓடைப்பாளையத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. தறிக்காரர் தெருவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். வருகைப் பதிவேடு வாசிக்கும்போதே முன்பெஞ்சுக்கு மேல் கேட்காத குரல் அவளுக்கு. பெரிய கூச்சக்காரி, ஆனால் கண்கள் எதையும் விட்டுவிடாது, வந்த முதல் மாதத்திலேயே அந்த ஊரின் பேச்சு வேறு மாதிரி என்று பார்த்துவிட்டாள். விடிந்ததிலிருந்து தறிகள் ஓடுகிற வீடுகளில் யார் பேச்சும் யார் காதிலும் விழாது என்பதால், அந்த ஊர் ஜனங்கள் உதட்டை அசைத்தே பேசுவார்கள், எதிராளியின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். இந்த வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு மாடிக்குச் சத்தமே இல்லாமல் குழம்புக்குப் புளி கேட்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடச் சத்தமில்லாமல் நடந்து சத்தமில்லாமல் முடியும். ரகசியம் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்த மாட்டார்கள், வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். உதட்டைப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் அந்தத் தெருவில் வசுமதிதான்.

தண்ணீரில் பாட்டு வருவதற்கு முந்தைய வாரம் பள்ளியில் இசை மேதைகள் வாரம் நடந்தது. அதற்காக வசுமதி ஆசையாசையாக என்னென்னவோ செய்தாள். பழைய காலண்டர் அட்டைகளில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி படங்களையும், மொசார்ட், பீத்தோவன், பாக் படங்களையும் ஒட்டி நூல் கோத்து வைத்தாள். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நாற்காலியில் உட்கார வேண்டும், அந்த மேதையே வந்திருப்பதாக வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும். சத்துணவுக்கூடத்து எவர்சில்வர் டம்ளர்களில் ஏற்ற இறக்கமாகத் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தட்டி, எதில் ஸ வருகிறது எதில் ப வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, என்ன நிறம் தோன்றுகிறதோ அதைத் தாளில் தீட்ட வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வாரம் மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

பீத்தோவன் கோபக்காரர் மாதிரி இருக்கிறார் என்று அவர் அட்டையை யாரும் தொடவில்லை. தாரிகாதான் எடுத்து மாட்டிக்கொண்டாள். தறிக்காரர் மயில்சாமிக்கும் பூங்கொடிக்கும் ஒரே மகள். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, முன்பல் ஒன்று பாதி முளைத்திருக்கும். வீட்டில் நாள் முழுக்க உதட்டால் பேசிப் பேசி, தெருவுக்கு வந்ததும் சேர்த்துவைத்ததையெல்லாம் மொத்தமாகக் கொட்டுகிற குரல் அவளுடையது. மைதானத்தின் அந்தக் கோடியில் அவள் பேசினால் இந்தக் கோடியில் நிற்கும் காகம் எழுந்து பறக்கும். ஒரு பையன் அவளிடம், காது கேட்காமல் எப்படி ஐயா பாட்டுக் கட்டினீர்கள் என்று கேட்டான். தாரிகா மேதைக்குரிய முறைப்போடு சொன்னாள்:

"எங்க வீட்டுலயுந்தான் ஒண்ணும் கேக்காது. பேசாமயா இருக்கறோம்?"

வகுப்பே சிரித்தது. வசுமதிக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்துப்போயிற்று, மாலையில் ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னாள்.

வாரக் கடைசியில் ஆண்டு விழாவுக்கான சேர்ந்திசை ஒத்திகை தொடங்கியது. வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் சொல் கட்டிய சின்னப் பாட்டுகளில் ஒன்றை வசுமதி தேர்ந்தெடுத்திருந்தாள். பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் பாடுவதற்கு அது வசதி. ஆனால் தாரிகா வாயைத் திறந்ததும் பாட்டு அவள் பின்னால் போய்விட்டது. மேலே ஏற வேண்டிய இடத்தில் அவள் அப்படியே நின்றாள், நிற்க வேண்டிய இடத்தில் சரிந்தாள், ஒரு சொல்லின் நடுவில் மூச்செடுத்துக்கொண்டு மிச்சச் சொல்லைப் பிறகு பாடினாள், மற்ற பிள்ளைகள் எல்லாரும் கன்றுகள் மாதிரி அவள் போன பக்கமே போனார்கள். தலைமையாசிரியை திலகவதி வாசலில் நின்று கேட்டுவிட்டு, விழாவுக்கு அதிகாரி வருகிறார், பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் வசுமதி செய்தது, எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பாட்டு டீச்சர்களும் செய்வதுதான். திட்டவில்லை, வரிசையை விட்டு வெளியே அனுப்பவில்லை. தாரிகாவைத் தனியாக அழைத்து, தலையில் கைவைத்து, மிகவும் அன்பாகச் சொன்னாள்:

"நீ வாயை மட்டும் அசைம்மா. சத்தம் வேண்டாம். முன்வரிசையிலதான் நிப்பே, யாருக்கும் தெரியாது."

தாரிகா அழவில்லை. சரிங்க டீச்சர் என்றாள். அதுதான் கடைசி. கைகழுவும் தொட்டிக்குப் போய், தண்ணீர் குடிக்கிற பிள்ளை மாதிரிக் குழாயில் வாயை வைத்து, வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு குழாயை நன்றாக இறுக்கி மூடிவிட்டு, பாவாடையில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்று உதட்டை அசைத்தாள். சேர்ந்திசை அழகாக இருந்தது.

அடுத்துத் தண்ணீர் வந்த நாளில் பாட்டு வந்தது. மேலே ஏற வேண்டிய இடத்தில் நின்று, நிற்க வேண்டிய இடத்தில் சரிந்து, சொல்லின் நடுவில் மூச்செடுத்துக்கொண்டு வந்தது.

ஊர் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சீக்கிரமே கற்றுக்கொண்டது. கொதிக்கவைத்தால் பாட்டுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது என்பதால் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுவதை விட்டார்கள். ரசத்தில் ஊற்றினால் புளி கரைகிற வரைக்கும் முனகும், மோரில் ஊற்றினால் மோர் முழுக்கப் பாடும், துணியை அந்தத் தண்ணீரில் கடைசியாக அலசிப் போட்டால் கொடியில் காய்ந்து முடிகிற மட்டும் வேட்டியும் சட்டையும் பாட்டை மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும். தொட்டில் குழந்தைக்கு ஒரு சங்கு புகட்டினால் போதும், தாலாட்டு வேண்டாம். மாரியம்மன் கோயில் பூசாரி அபிஷேகத் தண்ணீர் பாடி முடிக்கட்டும் என்று தீபாராதனைத் தட்டோடு காத்திருக்கப் பழகினார். கேன் தண்ணீர் விற்கிறவன் மட்டும் தன் தண்ணீர் ஊமை என்று எல்லாரும் கேலி செய்வதாக வார்டு மெம்பரிடம் முறையிட்டான், மெம்பர் அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார், அவன் குடித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான். தண்ணீர் திறந்துவிடுகிற பழனியப்பன் மேலதிகாரிகள் சொன்னபடி தொட்டியில் இரண்டு மடங்கு பிளீச்சிங் பவுடர் போட்டார், அந்த வாரம் பாட்டு ஒரு தும்மலோடு தொடங்கியது, அவ்வளவுதான். இது யாருடைய குரல் என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றுக்கு ஒரு குரல் இருக்காதா என்றார்கள். ஊரில் எல்லாருக்கும் பாட்டு மனப்பாடமாயிற்று, எல்லாரும் தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டும் தோசை வார்த்துக்கொண்டும் அதைப் பாடினார்கள், ஏற வேண்டிய இடத்தில் நின்று, நிற்க வேண்டிய இடத்தில் சரிந்து.

தாரிகாவின் குரல் போய்விட்டது என்பது யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் அவள் உதட்டை அசைத்தால் பிள்ளைகள் பதில் சொன்னார்கள், விளையாட்டில் அவள் உதடு அவுட் என்றால் அவுட்தான். வீட்டில் எப்போதும் அப்படித்தானே. உதட்டைப் படிக்கத் தெரியாததால் வசுமதி ஒருத்திக்குத்தான் அது தெரிந்தது. பாடம் வாசிக்கச் சொன்னபோது தாரிகா எழுந்து நின்று விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள், உதடுகள் நிறுத்தக்குறிகளில்கூட நின்றன, வசுமதியின் காதில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. முடித்ததும் பிள்ளைகள் சரியாத்தான் டீச்சர் வாசிச்சா என்றார்கள். உட்காரும்மா என்று சொல்லும்போது வசுமதிக்குக் காது மடல் சுட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே தாரிகாவின் வீட்டுக்குப் போனாள். வீடும் பட்டறையும் ஒன்றுதான், நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, தரை அதிர்ந்தது, பஞ்சுத்தூசி தலைமுடியில் படிந்த பூங்கொடி வாங்க டீச்சர் என்று உதட்டால் சொல்லிவிட்டு வேறென்னவோ கேட்டாள். வசுமதிக்குப் புரியவில்லை. தாரிகா அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள், பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மகள் மறுபடி ஏதோ சொன்னாள், அம்மா அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பேச்சும் நடுவில் வசுமதி நிற்கும்போதே நடந்தது, தன் பேரும் அதில் அடிபடுகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. பூங்கொடி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

சொம்பைக் கையில் வாங்கியதும் உலோகத்தின் வழியாக விரல்களில் பாட்டு அதிர்ந்தது. வந்த விருந்தாளி தண்ணீர் குடிக்காமல் போவது அந்த ஊரில் பெரிய குறை. பூங்கொடி குடிங்க குடிங்க என்று கையைக் காட்டினாள். தாரிகா தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள், கோபமாகவோ வருத்தமாகவோ இல்லை, டீச்சர் தங்கள் வீட்டுக்கு வந்ததில் அவளுக்குப் பெருமை. வசுமதி குடித்தாள். அந்தப் பிள்ளையின் குரலை, அந்தப் பிள்ளையின் கண்முன்னாலேயே, மரியாதைக்காக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அது தொண்டையில் இறங்கும்போது சொல்லின் நடுவில் ஒரு முறை மூச்செடுத்துக்கொண்டது. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைகூப்பிவிட்டு, எதையும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். இந்தச் சத்தத்தில் என்ன சொல்லி என்ன கேட்கப் போகிறது, அமைதியான நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அமைதியான நாள் எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தண்ணீர் வருகிற நாள்தான், அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு மாடியிலேயே இருந்தாள், குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டாள்.

ஆண்டு விழா வந்தது. மேடையில் பிள்ளைகள் பாட்டைச் சுத்தமாகப் பாடினார்கள், ஏற வேண்டிய இடத்தில் ஏறினார்கள், நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்கள், கீழே உட்கார்ந்திருந்த ஜனங்கள் நெளிந்தார்கள். பிள்ளைகள் தப்பாகப் பாடுகிறார்கள் என்றும், இந்த டீச்சருக்குப் பாட்டே தெரியாது போலிருக்கிறது என்றும் பேச்சு எழுந்தது, பிறகு செல்லாயக்கா பொறுக்க முடியாமல் எழுந்து நின்று சரியான பாட்டைப் பாட ஆரம்பித்தாள், ஊரே அவளோடு சேர்ந்து தண்ணீரில் வந்த மாதிரியே பாடியது. முன்வரிசையில் நின்ற தாரிகாவின் உதடுகள் மட்டும் மேடையை விட்டுவிட்டு ஊரோடு சேர்ந்துகொண்டன. நின்று, சரிந்து, சொல்லின் நடுவில் மூச்செடுத்து, ஊருக்கே அவள்தான் பாடுவது போல இருந்தது. தலைமை தாங்கிய அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இத்தனை பிள்ளைகளில் இந்தப் பெண் ஒருத்திதான் உயிரோடு பாடுகிறாள் என்று சொல்லி, சிறந்த பாடகிக்கான டிபன் பாக்ஸை அவளுக்கே கொடுத்தார். தாரிகா மைக்கில் நன்றி சொன்னாள். மைக்கில் ஒன்றும் வரவில்லை, ஆனால் ஊர் உதட்டைப் படித்துக்கொண்டு கைதட்டியது. திரைக்குப் பின்னால் நின்ற வசுமதியும் கைதட்டினாள். தட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிறகு புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டாள்.

வெயில் ஏற ஏறத் தண்ணீரும் குறைந்தது, பாட்டும் குறைந்தது. முதலில் கடைசி வரி வரவில்லை, பிறகு நடுவரிகள் போயின, பாட்டு முதல் குடங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்றானதும் பெண்கள் விடியுமுன்பே குடத்தைக் கொண்டுவந்து போட்டு இடம்பிடித்தார்கள். தறிக்காரர்கள் இனி இதற்காகத் தறியை நிறுத்திக் கட்டுப்படியாகாது என்று ஓட்டத் தொடங்கினார்கள். கோடை அப்படித்தான், மழை பெய்தால் ஆற்றில் பாட்டும் ஏறிவிடும் என்றார் பழனியப்பன். வசுமதிக்குத் தெரியும், மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு பிள்ளைக்குள் இருந்த குரல் எவ்வளவோ அவ்வளவுதான், அதை ஊர் குடித்துக்கொண்டிருக்கிறது, தானும் ஒரு சொம்பு குடித்தாயிற்று. அவள் மாடியிலிருந்து தெருவைப் பார்த்துப் பார்த்து அதற்குள் கொஞ்சம் உதடு படிக்கக் கற்றிருந்தாள். கீழே ஒருத்தி இன்னொருத்தியிடம், போன தடவை எனக்கு ரெண்டே ரெண்டு சொல்லுதான் வந்துச்சு, அடுத்த தடவை அதுவும் இருக்காது போல என்று சொன்னதை அவள் தன் கண்ணாலேயே படித்தாள்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது வசுமதி குடம் இல்லாமல் இறங்கிப் போனாள். வரிசை கோயில் வரை வளைந்து நின்றது. பழனியப்பன் இன்னும் திறக்கவில்லை, குழாய் காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் போய்க் குழாய்க்கு முன்னால் நின்றாள். அத்தனை பேர் முகத்தைப் பார்த்து அவள் வாழ்நாளில் பேசியதில்லை. இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தாள், பேசினாள், தன் குரல் தன் காதிலேயே விழவில்லை, அது தொண்டையைத் தாண்டி வந்ததா என்றுகூடத் தெரியவில்லை, ஒரு நொடி அவளுக்கு அதில் பெரிய நிம்மதியாக இருந்தது, யாருக்கும் கேட்காது, சொன்னதாகவும் ஆயிற்று. பிறகுதான் பார்த்தாள், வரிசையில் இருந்த அத்தனை கண்களும் அவள் உதட்டில் இருந்தன. அவளையறியாமல் கை மேலே போய் வாயை மூடிக்கொண்டது. பிறகு கையை எடுத்துவிட்டு, முதலிலிருந்து, மெதுவாக, படிக்க வசதியாகச் சொன்னாள்.

"இது தாரிகாவோட குரல். அவ பாடினா நல்லா இல்லைன்னு, வாயை மட்டும் அசைன்னு நான்தான் சொன்னேன். அவளுக்கு இப்பப் பேச்சு வர்றதில்ல. எனக்கு அன்னைக்கே தெரியும், சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னைக்கு வர்ற தண்ணிய அவளுக்கு விட்டுடுங்க."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்லாயக்கா முதல் ஆளாகத் தன் குடத்தைக் குழாயடியிலிருந்து எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஓரமாகப் போய் நின்றாள். மோரில் ஊற்றியவர்கள், துணி அலசியவர்கள், குழந்தைக்குப் புகட்டியவர்கள், ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள், ஒருவர் உதட்டை ஒருவர் பார்க்கவில்லை. விஷயம் வரிசையைவிட வேகமாகத் தெருவில் போனது, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

நடுவில் பூங்கொடி மட்டும் இடுப்பில் குடத்தோடு இருந்த இடத்திலேயே நின்றாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள், மகளின் சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, ஏனென்றால் அவள் பேசியபோது வசுமதியிடம் பேசவில்லை.

"நானும் நித்தமும் கேட்டனே. அடுப்படியில வெச்சுக் கேட்டனே. எம் புள்ளையோடதுன்னு எனக்கே தெரியலையே."

தறிகள் நின்றுபோன தெருவில் அது எல்லாருக்கும் கேட்டது.

தாரிகாவை மயில்சாமி தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பழனியப்பன் தண்ணீரைத் திறந்தார். ஒரே ஒரு சொல் வந்தது, அதுவும் நடுவில் மூச்செடுத்துக்கொண்டு வந்தது, தாரிகா குழாயில் வாயை வைத்துக் குடித்தாள். வீட்டுக்கு வீடு ஓடிப்போய் மிச்சம் வைத்திருந்ததைக் கொண்டுவந்தார்கள், பானையடியில் இருந்தது, பூஜைச் செம்பில் இருந்தது, ஃப்ரிட்ஜில் பாட்டிலில் குளிர்ந்துபோயிருந்தது, கோயில் பூசாரி தீர்த்தச் செம்பையே எடுத்துவந்தார். ஒரு பிள்ளை வயிறு எவ்வளவு கொள்ளும், இனி முடியாது என்று அவள் கைகாட்டியதும் மீதியைத் தலைவழியாக ஊற்றினார்கள், ஊர் மொத்தமும் ஆளுக்கொரு சொம்பு ஊற்றியது, சடையிலிருந்தும் பாவாடையிலிருந்தும் வழிந்த தண்ணீர் சாக்கடைக்குப் போகும்போது வெறும் தண்ணீராகப் போனது.

"குளுருதும்மா" என்றாள் தாரிகா.

கோயில் வேப்பமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. பூங்கொடி குடத்தைப் போட்டாள், அந்த ஊரில் அப்படி விழுந்த முதல் குடம் அது. மகளைத் துவட்டிவிடாமல், இன்னொருக்காச் சொல்லு கண்ணு, இன்னொருக்காச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தாரிகா குளுருது குளுருது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஓடைப்பாளையத்துத் தண்ணீர் எல்லா ஊர்த் தண்ணீரையும் போல வந்தது. கொஞ்ச நாள் குடங்கள் நிரம்பும்போது ஜனங்கள் காதைச் சாய்த்துப் பார்த்தார்கள், பிறகு மறந்தார்கள். மயில்சாமி சாயங்காலம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்திவைத்தார், நஷ்டம்தான், அந்த நேரத்தில் தாரிகா பள்ளியில் நடந்ததையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும், அம்மா பூண்டு உரித்துக்கொண்டு கேட்பாள். பள்ளியில் அவள் குரல் மறுபடி மைதானத்தைக் கடந்தது.

வசுமதியின் வகுப்பில் மட்டும் கடக்கவில்லை. வசுமதி எதிரில் வந்ததும் தாரிகா உதட்டை மட்டும் அசைத்தாள். வீம்புக்காக இல்லை. அவள் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை, டீச்சர் ஒன்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். வசுமதி அவளை அழைத்து, மண்டிபோட்டு உட்கார்ந்து, நான் சொன்னது தப்பு, இனிமேல் நீ சத்தமாகவே பாடு, எப்படி வேண்டுமானாலும் பாடு என்று சொன்னாள். தாரிகா பொறுமையாகக் கேட்டுவிட்டு உதட்டை அசைத்தாள். பரவாயில்லீங்க டீச்சர். படிப்பதற்கு மிகவும் சுலபமான உதடு அவளுடையது. பாட்டு வகுப்பில் முன்வரிசையில் நின்று, ஒரு சொல்கூடப் பிசகாமல் அசைத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வகுப்பு நடுவில் மின்சாரம் போய் ஊர்த் தறிகள் மொத்தமும் நின்றன, பிள்ளைகளும் பாட்டை நிறுத்தினார்கள், அவள் மட்டும் தெரியாமல் இன்னும் ஒரு வரி அசைத்தாள், அவ்வளவு அமைதியிலும் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் மாவு மில் முக்குத் திரும்புவதற்கு முன்பே தாரிகாவின் குரல் வசுமதிக்குக் கேட்கும். சிநேகிதிகளுக்கு நடுவில் நடந்துகொண்டு ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பாள், அவளே ராஜாவாகவும் பூதமாகவும் கத்துவாள், மற்றவர்கள் அப்புறம் அப்புறம் என்பார்கள். வசுமதி முக்குத் திரும்பியதும் குரல் நின்றுவிடும், குழாயை மூடியது போல நின்றுவிடும், கதை உதட்டில் போகும், தாரிகா அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவாள், மற்ற பிள்ளைகளும் உதட்டைப் பார்த்தபடியே கூடப் போவார்கள்.

சில நாட்கள் கழித்து வசுமதி முக்குத் திரும்புவதை விட்டுவிட்டாள். மாவு மில்லின் சுவரை ஒட்டி நின்றுகொள்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் பூதம் ராஜாவைத் தேடிக்கொண்டிருக்கும். மில்லுக்கு வருகிற பெண்கள் என்னங்க டீச்சர் இங்க நிக்கறீங்க என்று கேட்பார்கள். அவள் வாயில் விரல் வைத்துச் சும்மா இருக்கச் சொல்வாள், கதை முடிகிறவரைக்கும் அங்கேயே நிற்பாள்.